மருமகளுக்குப் பதிலாக

முதல் நாள் வகுப்பில் நான் வருகைப் பதிவுக்காகப் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தேன். "சரிதா" என்று அழைத்தபோது, பெண்கள் பக்கத்துக் கடைசி வரிசையிலிருந்து, "இருக்கேம்மா" என்று ஒரு குரல் வந்தது. அது இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் குரல் அன்று. நிமிர்ந்து பார்த்தேன். ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார், பெரிய குங்குமப் பொட்டுடன், இரண்டு கைகளையும் மேசைமீது ஒழுங்காக வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

"நீங்க யாரும்மா?" என்று கேட்டேன்.

"சரிதாவோட மாமியா. கன்னியம்மாள். வைத்திக்குப்பம்."

"சரிதா வரலீங்களா?"

"எப்படி வருவா? இன்னிக்கு ஆடி ஒண்ணாந்தேதி. அவ அம்மா ஊட்டுக்குப் போயிட்டா. அவளுக்குப் பதிலாத்தான் நான் குந்தியிருக்கேன். நீங்க பாடத்த நடத்துங்க டீச்சரம்மா, என்னால ஒண்ணும் தொந்தரவு இல்ல."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. ஆண்கள் பக்கத்தில், புதுச் சட்டை அணிந்த ஓர் இளைஞர் மட்டும் சிரிக்காமல் தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டார். அவர் பெயர் வெற்றிவேல். கன்னியம்மாளின் மகன், சரிதாவின் கணவர்.

எங்கள் சமுதாயக் கல்லூரியைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். இல்லாவிட்டால் அன்றைய நிகழ்ச்சி விளங்காது. முத்தியால்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்கட்டில் அது இயங்கியது. பன்னிரண்டாம் வகுப்பில் தேறாதவர்களும், இடையில் படிப்பை விட்டவர்களும், மற்ற இடங்களில் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் அங்கே வருவார்கள். மதிப்பெண் வரம்பு கிடையாது. வயது வரம்பும் கிடையாது. பள்ளி மாற்றுச் சான்றிதழ், புதுச்சேரியில் குடியிருப்பதற்கான சான்றிதழ், முதல்வருடன் ஓர் உரையாடல் ஆகியவையே சேர்க்கைக்குப் போதுமானவை. ஓராண்டுப் பட்டயத்தை முடித்தால், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குச் செல்லும் வழியும் இருந்தது. பன்னிரண்டில் தோற்றவர்களுக்கு அந்த வழி எவ்வளவு பெரிது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இரண்டு விதிகளில் மட்டும் எங்களுக்குத் தளர்வு காட்ட இயலாது. சேர்க்கை பெற்றவர் முதல் நாள் மாலை ஐந்து மணிக்குள் நேரில் வந்து கையொப்பமிட வேண்டும். தவறினால் இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அடுத்து, எந்தத் தொழிற்பிரிவில் சேர்ந்தவரானாலும், முதல் ஆறு வாரங்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் அமர்ந்து வாழ்க்கைத் திறன் வகுப்பைக் கேட்க வேண்டும். அந்த வகுப்பின் வருகைச் சான்று இல்லாத பட்டயத்தைப் பல்கலைக்கழகம் ஏற்பதில்லை. அந்த வகுப்பை நடத்தும் பொறுப்பு என்னிடம் இருந்தது.

இது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்தே ஜூன் மாத நேர்முகத்துக்கு வந்திருந்தார்கள். நான் அன்று அந்த அறையில் இல்லை; இவையெல்லாம் முதல்வர் பிறகு சொல்லி அறிந்தவை. மீன்பிடித் தடைக்காலத்தில்தான் குப்பத்து ஆண்கள் கரையில் இருப்பார்கள். ஆகவே திருமணங்களும் அப்போதுதான் நடக்கும். அவர்களுடையதும் அப்படி மே மாதத்தில் நடந்ததே. சரிதா கனகசெட்டிக்குளத்துப் பெண். வேதியியலில் இரண்டு முறை தவறியவள். மருத்துவ ஆய்வகப் பிரிவை ஏன் விரும்புகிறீர்கள் என்று முதல்வர் கேட்டபோது, அவள் இப்படிச் சொன்னாள்.

"சுனாமி அலை வந்தப்போ எங்கள முகாம்ல வெச்சிருந்தாங்க சார். ரத்தம் எடுக்க வந்தவங்களுக்கு நான்தான் குழாய்ல பேரு எழுதி ஒட்டிக் குடுத்தேன். ஒண்ணுகூட மாறல. அப்பவே அந்த வேலைதான் வேணும்னு நெனச்சிட்டேன்."

மீன் கூடையை வாயிலில் வைத்துவிட்டு உடன் வந்திருந்த கன்னியம்மாள், "மாத்த மாட்டா சார். ஊட்டுல உப்பு டப்பா, சக்கர டப்பாகூட பேரு எழுதி வெச்சிருக்கா. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு படம் வேற போட்டுவெச்சிருக்கா" என்றார்.

சரிதாவுக்கு ஆய்வகப் பிரிவில் கடைசி இடம் கிடைத்தது. வெற்றிவேலுக்குக் குளிர்சாதனப் பழுதுபார்ப்புப் பிரிவில் கிடைத்தது. இருவரும் மகிழ்ச்சியோடு சென்றார்கள். வகுப்பு தொடங்கும் நாள் ஆடி முதல் தேதி என்பதை அன்று எங்களில் எவரும் நாட்காட்டியில் பார்க்கவில்லை.

முதல் பாடத்தை நடத்தியபின் வகுப்பை இடையில் நிறுத்தி, கன்னியம்மாளையும் வெற்றிவேலையும் முதல்வர் அறைக்கு அழைத்துச் சென்றேன். போகும் வழியில் தாழ்வாரத்தில் ஒரு பெண்ணும் அவள் தந்தையும் அமர்ந்திருந்தார்கள். பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். பெண்ணின் பெயர் அன்புசெல்வி. ஆய்வகப் பிரிவின் காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. யாராவது வராமற்போனால் தனக்குக் கிடைக்கும் என்று காலையிலேயே வந்துவிட்டாள். நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவள் எழுந்து நின்றாள். உட்காரும்படி நான் ஒவ்வொரு முறையும் சொல்லிப் பார்த்தேன்.

முதல்வர் சுப்ரமணி அவர்கள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அம்மா, இன்னொருத்தர் பேரக் கூப்பிடும்போது நீங்க 'இருக்கேன்'னு சொல்றதுக்கு ஆள்மாறாட்டம்னு பேரு" என்றார்.

"நான் எங்க சார் மாறாட்டம் பண்ணேன்? யாருன்னு கேட்டதும் மாமியான்னு சொல்லிட்டேனே!"

"அவங்க எடத்துல நீங்க உக்கார முடியாதும்மா."

"ஏன் முடியாது?" கன்னியம்மாளின் வியப்பில் நடிப்பு இல்லை. "போட்டுல ஒருத்தனுக்கு காய்ச்சல்னா அவன் தம்பி போறான், இல்ல மச்சான் போறான். அவன் எடம் எங்கியும் போவாது. பங்கும் அவன் ஊட்டுக்கே வந்துடும். எங்க ஊருல இத யாரும் தப்புன்னு சொன்னதில்ல. ஒரு மாசந்தானே? யாவாரத்த என் ஓரகத்திகிட்ட வுட்டுட்டு வந்துட்டேன். ஆடி கழிஞ்சா அவ வந்து குந்திக்குவா, நான் போயிடுவேன்."

"படிப்பு மண்டையில ஏறணுமே. நீங்க கேட்டா அவங்களுக்கு எப்படி ஏறும்?"

"நான் போய் சொல்லிடுவேன். எல்லாம் ஞாபகம் வெச்சிருக்கேன். பேசும்போது எதிராளி மூஞ்சியப் பாத்துப் பேசணும்னு டீச்சரம்மா சொன்னாங்க. அது எனக்கு முன்னாடியே தெரியும். மீன் விக்கிறவ வேற எங்க பாப்பா?"

முதல்வர் சிரித்துவிட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். வெற்றிவேல் மட்டும், "ம்மா, கொஞ்சம் சும்மா இரேன்" என்று முணுமுணுத்தார்.

கன்னியம்மாளை நான் தவறாக நினைக்கவில்லை. மருமகளின் இடம் பறிபோகக் கூடாது. ஊர் வழக்கமும் மீறப்படக் கூடாது. இரண்டையும் காப்பாற்றத் தமக்குத் தெரிந்த முறையில் ஒரு வழியைக் கண்டுபிடித்து, தம் வியாபாரத்தையும் விட்டுவிட்டு வந்திருந்தார். புதிதாக மணமான பெண்ணை ஆடியில் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவதும், அந்த ஒரு மாதம் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பாராமலிருப்பதும் எதற்காக என்பதை வாசகர் அறிவர். எங்கள் வீட்டிலும் அந்த வழக்கம் உண்டு. ஆனால் அவர்கள் வீட்டில் அதைக் கடைப்பிடிப்பதில் ஒரு துளியும் விட்டுக்கொடுப்பு இல்லை என்பதை அன்று அறிந்துகொண்டேன்.

"ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாத்தான் உக்காருறாங்க. வேணும்னா நான் சரிதாவ முதல் வரிசையிலயும் இவர கடைசியிலயும் உக்கார வெக்கிறேன்" என்று பணிவுடன் சொல்லிப் பார்த்தேன்.

"உக்காந்திருக்கறப்ப சரி. எழுந்து போறப்ப? ஒரே கேட்டுல போவாங்க, ஒரே பஸ் ஸ்டாப்புல நிப்பாங்க. கல்யாணமாயி ரெண்டு மாசம்கூட ஆவல. டீச்சரம்மாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லைம்மா."

"அதான்" என்றார் கன்னியம்மாள். வெற்றிவேலின் காதுமடல்கள் சிவந்தன. நானும் மேற்கொண்டு அந்த யோசனையைத் தொடரவில்லை.

முதல்வர் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் சொல்றத கோவப்படாம கேளுங்கம்மா. ஆறு வாரத்துல ஒரு மாசம் ஒருத்தர் வரலன்னா, அவங்களுக்கு வருகைச் சான்று குடுக்க முடியாது. சான்று இல்லாம பட்டயம் வாங்கினா, அதோட படிப்பு நின்னுடும். மேல பட்டப்படிப்புக்குப் போக முடியாது. சரிதா அஞ்சு மணிக்குள்ள வந்து கையெழுத்துப் போடணும். போடலன்னா, வெளிய ஒரு பொண்ணு காத்திருக்கா. அவளுக்கு நான் நியாயம் சொல்லியாகணும்."

கன்னியம்மாள் கதவின் வழியே தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தார். அன்புசெல்வி உடனே எழுந்து நின்றாள்.

"அப்போ ரெண்டு பேருல ஒருத்தர்தான் இந்த மாசம் இங்க இருக்கலாம்" என்று கன்னியம்மாள் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். "போற ஆளு திரும்பி வர முடியுமா சார்?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "குளிர்சாதனப் பிரிவுக்கு வருஷத்துல ரெண்டு தடவ சேர்க்கை இருக்கும்மா. இப்போ ஒண்ணு, தை மாசத்துல ஒண்ணு. ஆய்வகப் பிரிவுக்கு ஒரு தடவதான். ஆஸ்பத்திரியில பயிற்சிக்கு வருஷத்துக்கு ஒரு தடவதான் ஆளு எடுப்பாங்க. அதனால சரிதா இப்போ விட்டா அடுத்த ஜூலை வரைக்கும் காத்திருக்கணும்."

வெற்றிவேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அந்த இடத்தை ஏனோதானோவென்று வாங்கியவரல்லர் என்பதை நான் சொல்லியாக வேண்டும். ஜூன் மாத நேர்முகத்தில், கரையில் பழுதாகிக் கிடந்த ஒரு குளிர்பெட்டியைத் தாமே பிரித்துப் பார்த்ததையும், எங்கே கோளாறு என்று தெரிந்தும் சரிசெய்ய முடியாமற்போனதையும் அவ்வளவு ஆசையோடு விவரித்தவர் அவர்.

"தையில எடம் நிச்சயமா இருக்குமா சார்?" என்று அவர் கேட்டார்.

முதல்வர் பொய் சொல்லவில்லை. "நிச்சயம்னு சொல்ல மாட்டேன் தம்பி. மறுபடியும் விண்ணப்பம் போடணும், மறுபடியும் நேர்முகத்துக்கு வரணும். ஆளு நெறைய வந்தா போட்டி இருக்கும்."

வெற்றிவேல் தம் தாயைப் பார்த்தார். எல்லா வீடுகளிலும் இத்தகைய கணக்கு எப்படி முடியும் என்பது எனக்குத் தெரியும். மருமகள்தானே, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அடுத்த ஆண்டுக்குள் ஒரு குழந்தை வந்துவிடும். பிறகு அந்தப் பேச்சே எழாது. என் வகுப்புத் தோழிகள் இருவருக்கு அப்படித்தான் நடந்தது.

"நீ எறங்கிக்கோடா" என்றார் கன்னியம்மாள்.

"ம்மா..."

"இன்னா ம்மா? உனக்குக் கடல் இருக்கு. தை வரைக்கும் வலையப் புடி. அவளுக்கு இன்னா இருக்கு? கூடையத் தூக்கிக்கினு என் பின்னாடி வரணும். நான் தூக்கினது போதும். ஊட்டுல ஒரு ஆளாவது கரையில நின்னு சம்பாதிக்கட்டும். அந்த அலையில பாத்தோம் இல்ல?"

அவர் குரலை உயர்த்தவில்லை. வெற்றிவேல் வெகுநேரம் தம் சட்டையின் கைப்பட்டியை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பின்னர், "சரி சார். எழுதிக் குடுத்துடுறேன்" என்றார். தாயின் பக்கம் திரும்பி, "ஊருல போய், எம்புள்ளைய முத நாளே தொரத்திட்டாங்கன்னு மட்டும் சொல்லாத" என்றார்.

"நான்தான் தொரத்தினேன்னு சொல்றேன். போ, அவ ஊட்டாண்ட இருக்கற டீக்கடைக்குப் போனப் போடு."

கனகசெட்டிக்குளத்தில் சரிதாவின் வீட்டருகே இருந்த தேநீர்க்கடைக்கு எங்கள் அலுவலகத் தொலைபேசியிலிருந்து வெற்றிவேல் அழைத்தார். மறுமுனையில் சரிதாவை அழைத்துவரப் போனார்கள். அவள் வந்து "அலோ" என்றதும் வெற்றிவேலின் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்த கன்னியம்மாள் உடனே தொலைபேசியை வாங்கிக்கொண்டார். கரையிலிருந்து படகுக்குக் குரல் கொடுப்பதுபோல் பேசினார்.

"நான்தான்டி. ஆமா, ஒத்துக்க மாட்டேங்கறாங்க... நீ சொன்ன, நீ சொன்ன, யாரு இல்லன்னா? இப்போ ஒடனே பொறப்பட்டு வா. அஞ்சு மணிக்குள்ள. அவன் இருக்க மாட்டான், நான் பாத்துக்கறேன். உங்கம்மாவையும் இட்டுக்கினு வா."

அதன்பின் காத்திருந்தோம். நான் வகுப்புக்குச் சென்றேன். ஆனால் என் காது வாயிலிலேயே இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்று மணிக்கு வகுப்பு முடிந்தது. நான்கு மணியும் ஆயிற்று. கன்னியம்மாள் வாயிற்கதவருகே நின்று, வந்து நின்ற ஒவ்வொரு பேருந்தையும் பார்த்தார். தாழ்வாரத்தில் அன்புசெல்வியின் தந்தை முத்துவேல் அலுவலகக் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரே நேரத்தை இரண்டு பேர் இரண்டு விதமாக வேண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருவருக்கும் நடுவே எதைக் கையில் எடுத்துச் செய்வதென்று அறியாமல் நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது கன்னியம்மாள் உள்ளே ஓடிவந்தார். "வந்துட்டா, வந்துட்டா! டேய், நீ போய் சைக்கிள் கொட்டாயி பின்னாடி நில்லு. எட்டிப் பாத்த, அவ்ளோதான்." வெற்றிவேல் விரைந்து மறைந்தார்.

சரிதா தலையில் கசங்கிய பூவுடன், தாய் அன்னக்கிளி பின்தொடர, மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"மன்னிச்சிடுங்க மேடம். பஸ்ஸு காலாப்பட்டுல ரொம்ப நேரம் நின்னுடுச்சு. நான் அப்பவே சொன்னேன், அத்தைய உக்கார வெக்க மாட்டாங்கன்னு. ரெண்டு அம்மாவும் கேக்கல."

"சம்பந்தியம்மா அவ்ளோ தெகிரியமா சொன்னாங்க, நான் இன்னா பண்றது?" என்றார் அன்னக்கிளி.

கையொப்பத்துக்கான தாளை நான் அவள் முன் வைத்தேன். எழுதுகோலை வாங்கியவள், அந்தத் தாளில் வெற்றிவேலின் பெயர் அடிக்கப்பட்டிருப்பதைக் கண்டாள்.

"இவரு பேரு ஏன் மேடம் அடிச்சிருக்கு?"

நான் சுருக்கமாகச் சொன்னேன். சரிதா எழுதுகோலைத் தாளின்மீது வைத்துவிட்டாள்.

"அவரு எடத்த வுட்டுத்தான் எனக்குன்னா வேணாம் மேடம். அவரு எவ்ளோ ஆசையா இருந்தாருன்னு எனக்குத்தான் தெரியும். நான் அடுத்த வருஷம் பாத்துக்கறேன்."

"ஏய், போடுடி" என்றார் கன்னியம்மாள்.

"நீங்க சும்மா இருங்க அத்த. உங்க புள்ளதானே?"

"எம்புள்ளதான். அதனாலதான் சொல்றேன்."

தாழ்வாரத்தில் முத்துவேல் எழுந்துவிட்டார். அன்புசெல்வியும் எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகே வந்து நின்றாள். அவள் கண்களில் ஒளி வந்திருந்தது. அதற்காக அவளைக் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. அலுவலகக் கடிகாரத்தை முதல்வர் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சரிதாவிடம் ஏதேனும் சொல்ல வேண்டும் என்று விரும்பினேன். ஆனால் கதவருகே நின்ற பெண்ணைப் பார்த்துவிட்டுத் தாளை மட்டும் நேராக்கி வைத்தேன்.

அப்போது அலுவலக ஜன்னலை ஒட்டியிருந்த சைக்கிள் கொட்டகைச் சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சரிதா! கையெழுத்துப் போடு. நான் எழுதிக் குடுத்துட்டேன், அத இனிமே திருப்பி வாங்க முடியாது. நீயும் போடலன்னா ரெண்டு எடமும் போச்சு. அப்புறம் எங்கம்மாதான் ஒரு வருஷம் பூரா இதையே சொல்லிக்கினு இருக்கும்!"

சரிதா சுவரின் பக்கம் திரும்பினாள். கன்னியம்மாள் சட்டென்று குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"நெஜமாவா சொல்றீங்க?" என்று சரிதா சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"நெஜமாத்தான். போடு."

அவள் கையொப்பமிட்டாள். எழுத்து மிகத் தெளிவாக இருந்தது. அன்னக்கிளி கண்களைத் துடைத்துக்கொண்டார். கன்னியம்மாள் துடைக்கவில்லை. மருமகளின் தோளைப் பிடித்து, "சரி, கெளம்பு. அவன் வெளிய வர்றதுக்குள்ள பஸ்ஸப் புடி. நாளைலேருந்து அங்கேருந்தே நேரா வா. நல்லா சாப்புட்டுட்டு வா" என்று வாயில்வரை கொண்டுபோய் விட்டார்.

அன்புசெல்வியிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்வதற்கு முன்பே அவள் புரிந்துகொண்டிருந்தாள். அடுத்த ஆண்டு முதல் பெயராக வைத்துக்கொள்வீர்களா என்று முத்துவேல் கேட்டார். பட்டியல் ஆண்டுதோறும் புதிது, மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும் என்று சொன்னேன். இதைவிட இனிமையாகச் சொல்ல ஒரு வழி இருந்திருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. "பரவால்லீங்க மேடம்" என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். அவர்கள் பாகூர்ப் பேருந்துக்காகச் சாலையைக் கடந்து போவதைக் கன்னியம்மாளும் என்னருகே நின்று பார்த்தார்.

"அந்தப் பொண்ணுக்கும் இதே படிப்புதானா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

அவர் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். சரிதாவின் பேருந்து கிளம்பிவிட்டதென்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான், கொட்டகையைப் பார்த்து, "டேய், வாடா" என்று குரல் கொடுத்தார். வெற்றிவேல் வந்தார். சட்டையில் துரு ஒட்டியிருந்தது. சாலையை ஒருமுறை எட்டிப் பார்த்தார், பேருந்து இல்லை.

"டீச்சரம்மா, தையில இவன் சேரறதுக்கு இப்பவே துண்டு போட்டு வெக்க முடியுமா?" என்று கன்னியம்மாள் கேட்டார்.

"முடியாதும்மா. அப்போ இவரே நேர்ல வரணும்."

"வருவான்" என்றார் அவர். "பதிலுக்கு நான் வர மாட்டேன், பயப்படாதீங்க."